கிளேஸ் ஹாம்: வெந்ததை மறுபடி வேகவைக்காதீர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், முதன்முறையாக ஹாம், அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை, செய்யப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தேன் நல்லதா, பிரவுன் சுகரா? ஆரஞ்சுச் சாறு எவ்வளவு? கடுகு பேஸ்ட் சேர்க்கலாமா? எல்லாமே கிளேஸைப் பற்றிய, அதாவது மேலே பூசும் இனிப்புப் பாகைப் பற்றிய கேள்விகள்தான். உள்ளே இருக்கிற இறைச்சியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. கிளேஸ் சுமாராக அமைந்தால் விருந்தில் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். இறைச்சி சக்கையாகிவிட்டால் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோவார்கள்.

ஓவனை முன்கூட்டியே சூடாக்க மறப்பது, ட்ரே சின்னதாகிப் போவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒருதரம் பட்டால் தானாகப் புத்தி வந்துவிடும். வருஷா வருஷம் செய்தும் செய்கிறவருக்கே பிடிபடாத தவறுகள் சில உண்டு. நானும் செய்து பார்த்தவைதான்.

வெந்த ஹாமை வேகவைப்பது

ஒரு கிறிஸ்துமஸ் காலையில் சித்தி மகளிடமிருந்து போன். "அக்கா, நாலு மணி நேரமாச்சு, இன்னும் வேகவே மாட்டேங்குது. வெட்டிப் பாத்தா உள்ள ரோஸ் கலராவே இருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் வைக்கட்டுமா?"

"கவர் இருக்கா? அதுல என்ன போட்டிருக்குன்னு படி" என்றேன்.

குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் படித்தாள். முழுவதும் சமைக்கப்பட்டது என்று முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. அன்றைக்கு அந்த ஹாமை மெல்லிசாகச் சீவி, சூடான கிரேவியில் ஊறவைத்துப் பரிமாறச் சொன்னேன். வேறு வழியில்லை.

அவளைக் குறை சொல்லி என்ன? பச்சைப் பன்றிக்கறி வெந்தால் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரோஸ் நிறம் என்றால் வேகவில்லை என்றுதான் தோன்றும். ஹாமைப் பதப்படுத்தும்போது உப்போடு நைட்ரைட்டும் சேர்க்கிறார்கள். அது இறைச்சியில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமிப் புரதத்தோடு சேர்ந்து ஒரு நிறத்தை உண்டாக்குகிறது, சூடு பட்டதும் அந்த நிறம் நிலைத்துவிடுகிறது. நாலு மணி நேரம் என்ன, நாள் முழுக்க வைத்தாலும் ஹாம் ரோஸாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் முடிவே கிடையாது.

அதற்குள் இறைச்சி பாழாகிவிடும். ஹாம் பன்றியின் பின்தொடை, கொழுப்பெல்லாம் மேல்பக்கம்தான், உள்ளே கொழுப்பு குறைவு. உள்வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்டத் தசை நார்கள் சுருங்கி, ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல நீரை வெளியே தள்ளிவிடும். ஏற்கெனவே ஒருமுறை சூட்டைப் பார்த்துவிட்டு வந்த இறைச்சி அது. இரண்டாம் தடவை அந்த எல்லையைத் தாண்டினால் மிஞ்சுவது உப்பு நார்தான். ட்ரேயில் தேங்கி நிற்கிற சாறு பூராவும் உள்ளே இருந்திருக்க வேண்டியது.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கிலோ கணக்கில் இறைச்சி வாங்கியிருப்பார்கள், மூன்று விதச் சர்க்கரை வாங்கியிருப்பார்கள், கவரில் இருக்கும் ஒரு வரியை மட்டும் படிக்கமாட்டார்கள். அந்த ஒரு வரி தெரியாமல் வேலையைத் தொடங்கவே முடியாது.

முழுவதும் சமைத்தது என்று போட்டிருந்தால் அதை அப்படியே குளிராகக்கூடச் சாப்பிடலாம். நம் வேலை சூடுபடுத்துவது மட்டும். தொழிற்சாலை உறை பிரிக்கப்படாமல் வந்த ஹாமுக்கு உள்வெப்பம் 60 டிகிரி போதும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. கடையில் வெட்டி வேறு உறையில் கட்டிக் கொடுத்தது, முந்தைய விருந்தில் மிஞ்சியது என்றால் கிருமி சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு, அதற்கு 74 டிகிரி. சமைத்த பிறகே உண்ணவும் என்று போட்டிருந்தால் அது பச்சை இறைச்சி. 63 டிகிரி வரை கொண்டுபோய், குறைந்தது 3 நிமிடம் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நாள்பட உப்பில் உலர்த்திய ஹாம் தனி ஜாதி. அதை முதலில் நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, நடுநடுவே நீரை மாற்றி, குறைந்தது அரை நாளாவது ஊறவைக்காமல் சமைத்தால் வாயில் வைக்க முடியாது.

பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது முதல் வகை. அதற்கு நான் செய்வது இது. வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ட்ரேயில் வைத்து, அடியில் ஒரு கப் நீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இடைவெளி இல்லாமல் இறுக்க மூடிவிடுவேன். ஓவன் 160 டிகிரி. எலும்போடு உள்ள முழு ஹாமுக்குக் கிலோவுக்கு 35 முதல் 40 நிமிடம் பிடிக்கும், பாதி ஹாமுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். இதெல்லாம் உத்தேசக் கணக்கு. உள்ளே 55 டிகிரி காட்டியதும் தாளை எடுத்துவிட்டுக் கிளேஸ் வேலையைத் தொடங்குவேன். மிச்சம் 5 டிகிரியைக் கிளேஸ் பிடிக்கிற நேரமே பார்த்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வளவு பெரிய ஹாம் வாங்கக் காசு இருக்கிறது, ஒரு தெர்மாமீட்டர் வாங்கத்தான் மனசு வருவதில்லை! வாங்குங்கள். முனையை இறைச்சியின் தடித்த பகுதியின் நடுவில் செருகுங்கள், எலும்பில் இடித்தால் காட்டுவது பொய்க் கணக்கு.

கிளேஸை முதலிலேயே பூசுவது

ரொம்ப நேரம் ஊறினால் உள்ளே இறங்கும் என்று நினைத்து ஆரம்பத்திலேயே ஊற்றிவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளே இறங்காது, மேலேயே நின்று கருகும். தேன் இன்னும் மோசம், அதில் இருக்கும் ஃபிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையை விடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரம் ஓவனில் இருந்த தேன் கிளேஸ் பார்க்கத் தார் ரோடுதான். வாயில் கசப்பு.

கடைசி 20, 25 நிமிடம்தான் கிளேஸுக்கு. ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றி, மெல்லிசாக ஒரு பூச்சு. ஏழெட்டு நிமிடம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. கடைசிப் பூச்சின்போது ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள், பளபளப்புக்கும் கருகலுக்கும் நடுவே ஒரு நிமிடம்தான்.

வழிந்து ஓடுகிறது என்ற புகாருக்கு இரண்டு காரணம். ஒன்று, கிளேஸ் தண்ணியாக இருப்பது. கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும் பதம் வரும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும், ஆறினால் இன்னும் இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று, ஹாமின் மேல்பக்கம் நனைந்திருப்பது. தாளை எடுத்ததும் மேலே முத்து முத்தாக நீர் நிற்கும், அதைத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். இனிப்பு மட்டும் இருந்தால் திகட்டும். வினிகரோ கடுகு பேஸ்ட்டோ துணிந்து சேருங்கள்.

கிளேஸில் உப்பு

வேண்டாம்.

தோலோடு விடுவது, ஆழமாகக் கீறுவது

தடித்த தோலின் மேல் பூசிய கிளேஸ் தோலோடு உரிந்து போய்விடும். ஹாம் சற்றுச் சூடேறியதும் கத்தியை அடியில் விட்டால் தோல் சுலபமாகக் கழன்று வரும். கீழே இருக்கும் கொழுப்பை மட்டும் தொடாதீர்கள், அரை சென்டிமீட்டர் கனமாவது மேலே இருக்கட்டும். உடம்புக்கு ஆகாதென்று எல்லாவற்றையும் சீவி எடுக்கிறவர்கள் உண்டு. தட்டில் வேண்டாமென்றால் ஒதுக்கிவைக்கலாம், ஓவனுக்குள் அது வேண்டும்.

கட்டம் கட்டமாகக் கீறுவது கொழுப்போடு நிற்கட்டும். இறைச்சி வரை கத்தி இறங்கினால் சாறு அந்த வழியாகவே வெளியேறும். சுருள்வெட்டு ஹாமைக் கீறவே வேண்டாம், அது ஏற்கெனவே துண்டுதான். அது மற்றதை விடச் சீக்கிரம் உலரும் என்பதால் 200 டிகிரியில் கூடுமானவரை குறைவாக வையுங்கள்.

பச்சை அன்னாசி

அன்னாசி வளையம் ஒட்டுவது அழகுதான். ஆனால் சமைக்காத பழத்துச் சாற்றில் முந்தின இரவே ஹாமை ஊறப்போட்டால் அதில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதி மேல்பக்கத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். டின்னில் வருவது சூடுபடுத்தப்பட்டது, அந்தத் தொல்லை இல்லை.

எலும்பு முனையில் பிளாஸ்டிக் மூடி

இருக்கிறதா என்று பார்த்து, ஓவனில் வைக்கும் முன் கழற்றுங்கள்.

கிராம்பு

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று செருகினால் படத்துக்கு நன்றாக இருக்கும். வெட்டும் முன் ஒன்று விடாமல் பிடுங்கவேண்டும். எனக்குப் பொறுமை இல்லை, இரண்டு சிட்டிகை கிராம்புத் தூளைக் கிளேஸிலேயே கலந்துவிடுவேன்.

எடுத்தவுடன் வெட்டுவது

20 நிமிடம் பொறுங்கள். கிளேஸும் அதற்குள் இறுகும்.

ட்ரேயில் மிஞ்சிய சாறு, மிஞ்சிய ஹாம்

சாற்றை அப்படியே சுண்டவைத்துக் கிரேவி ஆக்கினால் உப்புக் கரிக்கும். முதலில் ருசி பாருங்கள். பாதிக்குப் பாதி நீரோ உப்பில்லாத ஸ்டாக்கோ சேர்த்து, பிறகு மாவு கரைத்து ஊற்றுங்கள். கிளேஸ் சொட்டி அடியில் கருகியிருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம்.

விருந்து முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில் ஹாம் மேஜையிலேயே கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாளில் தீர்த்துவிடலாம். அதற்கு மேல் என்றால் ஃபிரீஸர். எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள், பட்டாணி சூப்புக்கு ஆகும். அந்த சூப்புக்கு உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு போடுங்கள்.