மலிவு ஒயினை ருசி பார்க்கும்போது செய்யும் தவறுகள்

பத்து யூரோவுக்குள் வாங்கிய ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, "விலைக்கேற்ற சரக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். பல நேரம் குறை பாட்டிலில் இல்லை, ருசி பார்த்த விதத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குளிர்ச்சியைக் கவனிக்காமல் விடுவது. பிரான்சின் நாந்த் நகரைச் சுற்றி விளையும் மஸ்கதே என்ற வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வெறும் புளித்த தண்ணீர்தான். கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பொறுங்கள். 10 டிகிரியை நெருங்கும்போது எலுமிச்சைத் தோலின் வாசனை மெல்ல எழும். விழுங்கிய பிறகு இலேசாக உப்புக் கரிக்கும். சிவப்பு ஒயினுக்கு நேர் எதிரான கொடுமை நடக்கிறது. "அறை வெப்பத்தில் பரிமாறு" என்பது வீடுகள் குளிர்ந்திருந்த காலத்துப் பேச்சு. இன்றைய 24 டிகிரி அறையில் கோத் து ரோன் என்ற பிரெஞ்சுச் சிவப்பு ஒயினை முகர்ந்தால் சாராய நெடிதான் முந்திக்கொண்டு வரும். இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், பழ வாசனை திரும்பிவிடும்.

அடுத்தது, பொருந்தாத ஜோடி. கமே திராட்சையில் செய்த இளம் பொஜொலே என்ற பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் துவர்ப்பு குறைந்தது. ஸ்பெயினின் சிவப்பு ஒயினான ரியோஹா கிரியான்சாவோ குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்தது, அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். இவற்றில் எது மேல் என்று கேட்பதில் பொருளில்லை. ஒரே வட்டாரம், ஒரே விலை, இரண்டு தயாரிப்பாளர்கள் என்று எடுத்தால்தான் நாக்கு எதையாவது கற்றுக்கொள்ளும். வெள்ளையை முதலில் குடியுங்கள். சிவப்பின் துவர்ப்பு நாக்கில் ஒட்டியிருந்தால் வெள்ளையின் மென்மை தெரியாது.

லேபிளைப் பார்த்துக்கொண்டே குடிக்காதீர்கள். 2001-இல் வெளியான, பிரான்சின் போர்தோவில் நடந்த ஆய்வு ஒன்றில், சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். ஒயின் படிப்பவர்களையே கண் ஏமாற்றுகிறது என்றால் நாம் எம்மாத்திரம்? நான் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்கிறேன்.

ஒரு முறை சுவாவே என்ற இத்தாலிய வெள்ளை ஒயின் ஒன்றைத் திறந்தேன். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை, பழமே இல்லை. அந்த ஊர் ஒயினே அப்படித்தான் என்று மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டேன். கெட்டது கார்க் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த வாடை வந்தால் பாட்டிலை மூடி, பில்லோடு கடைக்கு எடுத்துப்போங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.