கட்டு மாற்றும் முன் கை கழுவுவது எப்படி?

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள், காயத்துக்கு எப்படிக் கட்டு மாற்றுவது என்று ஒரு நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். சோப்புப் போட்டு நன்றாகவே கை கழுவிவிட்டு வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பிளாஸ்திரி அலமாரியில் இருப்பது ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கைப்பிடியை இழுத்து, அதை எடுத்து வந்து, அதே கையால் பஞ்சைத் தொடப் போனேன். "மறுபடியும் கழுவிட்டு வாங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது: கழுவிய கைக்கும் காயத்துக்கும் நடுவில் வேறு எதுவும் வரக்கூடாது.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: குழாயைத் திறக்கும் முன்

தேவையான எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். பஞ்சு, மருந்து, பிளாஸ்திரி, கத்தரிக்கோல், பழைய கட்டைப் போட ஒரு பை. போனைத் தூர வைத்துவிடுங்கள், அடித்தாலும் எடுக்க வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். அவற்றின் அடியில் சோப்புப் போகாது. நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். உங்கள் கையில் கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடிக்கொள்ளுங்கள்.

படி 2: நனைத்து, சோப்புப் போட்டு, தேய்ப்பது

முதலில் கையை நனைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். தண்ணீர் சுடுதண்ணீராக இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி சுடுதண்ணீர் பட்டால் தோல்தான் கெடும். சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தோலின் எண்ணெய்ப் பசையில் ஒட்டியிருக்கும் கிருமிகளை அது இப்படித்தான் கிளப்பித் தண்ணீரோடு அனுப்புகிறது. கொரோனா, இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்களின் கொழுப்பு உறையையும் அது உடைத்துவிடும். ஆனால் தேய்த்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

உள்ளங்கையோடு உள்ளங்கை. பிறகு ஒரு உள்ளங்கையால் மறு கையின் புறங்கை, விரல்களைக் கோத்தபடி. பிறகு உள்ளங்கைகள் சேர்ந்திருக்க விரலிடுக்குகள். பிறகு விரல்களை மடக்கி, அவற்றின் பின்பக்கத்தை எதிர் உள்ளங்கையில் தேயுங்கள்.

இனி வருவதுதான் பெரும்பாலும் விட்டுப்போவது. கட்டைவிரலை மறு கையால் முழுசாகப் பற்றி, திருகுவதுபோல் சுற்றித் தேயுங்கள். அடுத்து ஐந்து விரல் நுனிகளையும் குவித்து, எதிர் உள்ளங்கையில் வட்டமாகச் சுரண்டுங்கள். நகக்கண்ணுக்குள் நுரை போகவேண்டும். யோசித்துப் பாருங்கள், பஞ்சைப் பிடிப்பதும் பிளாஸ்திரியை அழுத்துவதும் கட்டைவிரலும் விரல் நுனிகளும்தானே? உள்ளங்கையை நுரை பொங்கத் தேய்த்துவிட்டு இவற்றை விட்டால், காயத்தைத் தொடும் இடம் மட்டும் கழுவப்படாமல் போகிறது. இரண்டு கைக்கும் செய்யுங்கள். கடைசியாக மணிக்கட்டு. பிறகு நுரை போகத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

நனைப்பதிலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 விநாடிகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் சில நாள் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

படி 3: துடைப்பது

ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டும், சுலபமாக இடம் மாறும். சுத்தமான துண்டிலோ டிஷ்யூ பேப்பரிலோ ஒற்றி எடுங்கள். குழாயை மூடுவதும் அந்த டிஷ்யூவால்தான், ஏனென்றால் அழுக்குக் கையால் திறந்த குழாய் அது. நேராகக் காயத்துக்குப் போங்கள்.

எப்போதெல்லாம்?

நோயாளியைத் தொடும் முன், கட்டு மாற்றுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தம், சிறுநீர், சீழ் பட்டிருக்கலாம் என்றால் அந்த வேலை முடிந்ததும், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். இந்த ஐந்தில் கடைசிதான் மறந்துபோகும். ஆளைத் தொடாமல் போர்வையை மட்டும் சரிசெய்தாலும் கழுவ வேண்டும்.

1847இல் வியன்னாப் பொது மருத்துவமனையில், பிரேதப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த வார்டைவிட அங்கே தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள். வார்டுக்குள் நுழையும் முன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார் அங்கே மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ். அந்த வருஷமே சாவுகள் மளமளவென்று குறைந்தன. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போகும் அந்த இடைவெளியைத்தான் அவர் பிடித்தார்.

சானிட்டைசர் போதுமா?

கையில் அழுக்குத் தெரியாவிட்டால் போதும். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்கட்டும். அதே முறையில் 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும்வரை தேயுங்கள், துடைக்காதீர்கள். நோயாளிக்கு வயிற்றுப்போக்கு என்றால் சோப்பும் தண்ணீரும்தான்; நோரோவைரஸ் போன்ற சில கிருமிகளிடம் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது.

கிளவுஸ் போட்டாலும் முன்னும் பின்னும் கழுவுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் கையில் படும்.

இத்தனை தடவை கழுவினால் கை வறண்டு வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி தங்கும், எரிச்சலுக்குப் பயந்து நீங்களும் கழுவுவதைக் குறைத்துவிடுவீர்கள். அதனால் வேலை முடிந்த பிறகு, முக்கியமாகத் தூங்கப் போகும்போது, ஈரப்பதக் கிரீம் தடவுங்கள். புறங்கையும் விரல் கணுக்களும்தான் முதலில் வெடிக்கும், அங்கே கொஞ்சம் கூடுதலாக.