டங்க் அடித்தவர் வளையத்தில் தொங்கும்போது நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடைப்பந்தில் ஒருவர் எழும்பிப் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிப்பதுதான் டங்க். அது விழுந்ததும் அரங்கமே எழுந்து கத்தும். அடித்தவர் இன்னும் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். எதிரணிப் பயிற்சியாளர் பெஞ்சை விட்டு எழுந்து, மோதலுக்கு அல்லாமல் நடத்தைக்காகக் கொடுக்கப்படும் டெக்னிக்கல் ஃபவுலைக் கேட்பார். இந்த அவசரத்தில் ஊதப்படும் விசில்களில் பல தவறானவை, ஊதாமல் விட்டவற்றிலும் பல தவறானவை. முக்கியமான காரணம், நடுவரும் ரசிகர்களோடு சேர்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

பார்க்க வேண்டிய இடம் தரை. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் (FIBA) விதிப்படி, ஒரு வீரரின் முழு எடையையும் வளையம் தாங்கும்படி அவர் பிடித்துத் தொங்கினால் அது டெக்னிக்கல் ஃபவுல். அதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. டங்க் அடித்த கையோடு கணநேரம் பிடிப்பதில் குற்றமில்லை. தனக்கோ மற்றவருக்கோ அடிபடாமல் இருக்கத்தான் பிடித்தார் என்று நடுவர் கருதினாலும் குற்றமில்லை. இந்த இரண்டாவது விலக்கைத் தீர்மானிக்க, கீழே யார் நிற்கிறார், யார் விழுந்து கிடக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேகமாக ஓடிவந்து எழும்பியவரின் கால்கள் ஊஞ்சல் போல முன்னால் போகும். அந்த நேரத்தில் கையை விட்டால் முதுகோ தலையோ தரையில் மோதும். உடல் திரும்பி நேராகும்வரை பிடித்திருப்பவர் சரியானதைத்தான் செய்கிறார். அவரைத் தண்டித்தால், அடுத்த முறை பயந்து சீக்கிரம் கையை விடுவார். இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனென்றால் இதன் விலை எதிரணி தடையின்றி எறியும் ஒரு ஃப்ரீ த்ரோ அல்ல, ஒருவரின் முதுகெலும்பு.

மனதுக்குள் நொடிகளை எண்ணுவது இன்னொரு பழக்கம். இத்தனை நொடி தாண்டினால் ஃபவுல் என்று விதியில் எங்கும் இல்லை. கீழே ஒரு தடுப்பாட்டக்காரர் சிக்கியிருந்தால் சற்று நீண்ட பிடியும் நியாயமானதே. ஆனால் அந்த ஆள் நகர்ந்துவிட்டார், உடலின் ஆட்டமும் நின்றுவிட்டது, அப்புறமும் கைகளை மடக்கித் தன்னை மேலே இழுக்கிறார் என்றால் பாதுகாப்பு என்ற காரணம் அங்கேயே முடிந்துவிட்டது. தயங்காமல் ஊதலாம். எவ்வளவு நேரம் பிடித்தார் என்பதைவிட எதற்காகப் பிடித்தார் என்பதே கேள்வி.

“இப்போதைய வளையங்கள்தான் வளைந்து கொடுக்கின்றனவே, என்ன ஆகிவிடப் போகிறது?” என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. 1979இல் அமெரிக்கத் தொழில்முறை வீரர் டாரில் டாகின்ஸ் சில வாரங்களுக்குள் இரண்டு கண்ணாடிப் பலகைகளை நொறுக்கினார். ஸ்பிரிங் வைத்த வளையங்கள் பரவலானதற்கு அதுபோன்ற நிகழ்வுகள் முக்கியக் காரணம். ஆனால் அந்த வளையங்கள் வந்த பிறகும், 1993இல் ஷகீல் ஓ’நீல் டங்க் அடித்துக் கூடையின் தாங்கு அமைப்பையே சாய்த்தார். ஸ்பிரிங் பலகையைக் காப்பாற்றும், கீழே நிற்பவரைக் காப்பாற்றாது.

டெக்னிக்கல் கொடுத்துவிட்டு டங்க்கையும் ரத்து செய்வது பெரிய பிழை. பந்து முறையாக வலைக்குள் போய்விட்டதால் இரண்டு புள்ளி நிற்கும்.

டங்க் தவறிப் பந்து வளையத்தின் மேல் துள்ளிக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போது தொங்கியபடியே மறு கையால் பந்தைத் தட்டி உள்ளே போட்டாலோ, வளையத்தை ஆட்டிப் பந்தை விழவைத்தாலோ அது குறுக்கீடு என்ற விதிமீறல். தாக்கும் அணி செய்தால் புள்ளி கிடையாது. தடுக்கும் அணி வளையத்தைப் பிடித்து ஷாட்டைக் கெடுத்தால், பந்து உள்ளே போனதாகவே கணக்கு. தொங்கலை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும் நடுவர் இதைக் கோட்டைவிடுவார்.

தொங்கியதையும் சீண்டியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஒருவர் நியாயமான காரணத்துக்காகப் பிடித்து, இறங்கியபின் எதிராளியின் முகத்துக்கு நேராகக் கத்தினால், தண்டனை கத்தியதற்குத்தான். எதற்காக ஊதினோம் என்பதைப் பயிற்சியாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். அங்கே வளையத்தில் தொங்கியதற்கான டெக்னிக்கல், ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் இரண்டு டெக்னிக்கல்களில் சேராது, சீண்டியதற்கானது சேரும். ஃபீபா ஆட்டத்தில் தொங்கியதும் சேரும், அது வீரரின் தனிப்பட்ட ஃபவுல் கணக்கிலும் ஏறும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களிலோ இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்கு. தொலைக்காட்சியில் பார்த்த விதியை வேறு போட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

ஃபவுல் கொடுத்தபின் ஆட்டத்தை எப்படித் தொடர்வது என்பதிலும் தடுமாற்றம் வரும். ஃபீபா விதிப்படி எதிரணியில் யார் வேண்டுமானாலும் ஒரு ஃப்ரீ த்ரோ எறியலாம். டங்க் விழுந்திருந்தால், அதற்கப்புறம் அதே எதிரணி கடைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து பந்தை உள்ளே எறியும். “ஃப்ரீ த்ரோவும் கொடுத்துப் பந்தும் கொடுக்கிறார்களே” என்று அடித்த அணி சண்டைக்கு வரலாம். புள்ளி விழுந்ததால் பந்து எப்படியும் எதிரணிக்குத்தான் போயிருக்கும் என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். டங்க் தவறி, பந்து யார் கையிலும் இல்லாதபோது விசில் ஊதியிருந்தால், ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு பந்து யாருக்கு என்பதை அடுத்த முறை எந்த அணிக்கு என்று மாறிமாறிக் காட்டும், மேசையிலுள்ள அம்புக்குறி முடிவு செய்யும். அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று ஃப்ரீ த்ரோ எறியும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.