லாகின் செய்ததும் ஒரு கட்டளை, வெளியேறும்போது இன்னொன்று

லினக்ஸில் லாகின் செய்ததுமே ஒரு கட்டளை தானாக ஓட வேண்டுமா? நீங்கள் பயன்படுத்தும் ஷெல் (நாம் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பாஷ் என்றால், ஹோம் ஃபோல்டரில் '.பாஷ்_புரொஃபைல்' கோப்பில் எழுதினால் போதும். ஆனால் எழுதும் முன் '.புரொஃபைல்' என்ற கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பாஷ் முதலில் '.பாஷ்_புரொஃபைல்', அப்புறம் '.பாஷ்_லாகின்', கடைசியாக '.புரொஃபைல்' என்று தேடி, முதலில் கிடைப்பதை மட்டுமே படிக்கும். புதிதாக ஒன்றை உருவாக்கினால் பழைய அமைப்புகள் சத்தமில்லாமல் நின்றுபோகும். அதனால் இருப்பதிலேயே சேர்ப்பதுதான் நல்லது.

வெளியேறும்போது ஓட வேண்டியவை '.பாஷ்_லாகவுட்'டுக்குப் போகட்டும். திரையைத் துடைக்க 'கிளியர்' என்ற ஒரே வரி போதும்.

டெஸ்க்டாப்பில் திறக்கும் டெர்மினல் பெரும்பாலும் லாகின் ஷெல் (லாகின் செய்யும்போது தொடங்கும் ஷெல்) இல்லை. அங்கே இவை ஓடாது. அங்கே வெளியேறும்போது ஒரு கட்டளை ஓட, அத்தகைய ஷெல் தொடங்கும்போது படிக்கும் '.பாஷ்ஆர்சி' கோப்பில் அதை 'டிராப்' கட்டளையால் குறித்துவைக்கலாம். உதாரணமாக, "டிராப் 'சூடோ -கே' எக்ஸிட்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'எக்ஸிட்' கொடுத்ததும், நினைவில் இருக்கும் சூடோ அனுமதி (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டத் தந்த அனுமதி) ரத்தாகிவிடும்.