துள்ளும் பந்து: முதலில் தாளில், பிறகு கணினியில்

அனிமேஷனைக் கையால் வரைந்து பழகுவதா, நேராகக் கணினிக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு, ஒரே பந்தை இரண்டு வழியிலும் துள்ள வைத்துப் பாருங்கள் என்பேன். இடையில் வரும் படங்களைக் கணினி நொடியில் போட்டுத் தரும். ஆனால் பந்து எங்கே தயங்க வேண்டும், எங்கே வேகமெடுக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கற்றுத்தருவது தாள்.

படி 1: குறியிடுங்கள்

அடியில் இருப்பது தெரியும்படியான மெல்லிய தாள்கள் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு. அதன் உச்சியிலும், உச்சியிலிருந்து 1, 4, 9, 16 செ.மீ. கீழேயும் குறியிடுங்கள். கடைசிக் குறிதான் தரை.

ஏன் இந்தக் கணக்கு? விழும் பொருள் சமமான நேர இடைவெளிகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரத்தைக் கடக்கிறது. இடைவெளிகளைச் சமமாக வைத்தால் பந்து விழாது. கயிறு கட்டி இறக்கியதுபோல வரும்.

படி 2: வரையுங்கள்

முதலில் 1ஆம் படம் (உச்சி), 5ஆம் படம் (தரை). இவையே கீஃப்ரேம்கள், அதாவது அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் படங்கள். பிறகு 2, 3, 4 படங்களில் பந்தின் அடிப்பகுதி அடுத்தடுத்த குறிகளைத் தொடட்டும். 6, 7, 8 படங்களில் அதே குறிகள் வழியே மேலே ஏறட்டும். ஸ்டூடியோக்களிலும் மூத்த கலைஞர் கீஃப்ரேம்களை வரைய, உதவியாளர்கள் இடைப்படங்களை நிரப்புவதுதான் வழக்கம்.

5ஆம் படத்தில் மட்டும் பந்தை அமுக்கி, அதே அளவுக்குப் பக்கவாட்டில் அகலமாக்குங்கள். அகலமாக்க மறந்தால் பந்து சுருங்கியதாகத் தோன்றும்.

படி 3: ஓட்டுங்கள்

கைப்பேசியை அசையாமல் நிறுத்தி எட்டையும் படமெடுத்து, ஸ்டாப் மோஷன் செயலியில் நொடிக்கு 12 படங்கள் என்ற வேகத்தில் சுழலவிடுங்கள். திரைப்படத்தில் நொடிக்கு 24 ஃப்ரேம்கள். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்தினால் 12 படங்கள் போதும். பென்சில் கோடுகள் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், அழிக்க முயலாதீர்கள்.

படி 4: கணினியில்

இலவச மென்பொருளான பிளெண்டரில் ஒரு கோளத்தைச் சேர்த்து, அதன் இசட் உயரத்தை 1ஆம் ஃப்ரேமில் 9, 9ஆம் ஃப்ரேமில் 1, 17ஆம் ஃப்ரேமில் மறுபடி 9 என்று கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணின்மேல் மவுஸை வைத்து ‘ஐ’ விசையை அழுத்தினால் கீஃப்ரேம் பதியும். கடைசி ஃப்ரேமை 16 என்று வைத்து ஓட்டுங்கள்.

பந்து தரையை நெருங்கும்போது வேகம் குறைந்து, பஞ்சு மெத்தையில் இறங்குவதுபோல வரும். ஒவ்வொரு கீஃப்ரேமிலும் மென்மையாக நின்று கிளம்புவது மென்பொருளின் இயல்பு. உச்சியில் அது சரி, தரையில் தவறு. உயர மாற்றத்தை வளைவாகக் காட்டும் வரைபடத் தொகுப்பானை (கிராஃப் எடிட்டர்) திறந்து, 9ஆம் ஃப்ரேமின் புள்ளியைத் தேர்ந்து, ‘வி’ விசையை அழுத்தி, கைப்பிடி வகையை ‘வெக்டர்’ ஆக்குங்கள். வளைவின் அடி கூராகும். பந்து அறைந்து எழும்பும்.

படி 5: அமுக்குங்கள்

9ஆம் ஃப்ரேமில் இசட் அளவை (ஸ்கேல்) 0.7 ஆக்கிப் பதிந்தால், மற்ற இரண்டு அளவுகளும் ஏறத்தாழ 1.2 ஆக வேண்டும். அப்போதுதான் கன அளவு மாறாது. மையத்தையும் 0.7 உயரத்துக்கு இறக்காவிட்டால் பந்து தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். 8, 10 ஆகிய ஃப்ரேம்களில் மூன்று அளவுகளையும் 1 என்று பதியுங்கள்; இல்லையேல் பந்து முழு நேரமும் அமுங்கியே இருக்கும். தாளில் கண் தானாகப் பார்த்துக்கொண்டதை இங்கே எண்ணாகச் சொல்கிறோம். கைவரைவின் இத்தகைய விதிகள் கணினிப் படங்களுக்கும் பொருந்தும் என்று அப்போது பிக்சர் அனிமேஷன் நிறுவனத்தில் இருந்த ஜான் லாசட்டர் 1987ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார்.

இனி இரண்டிலும் துள்ளலைப் பாதி உயரமாக்கிப் பாருங்கள். நேரம் பாதியாகாது; ஏறத்தாழ 0.7 மடங்காகும். கணினியில் சில எண்களை மாற்றினால் முடிந்தது. தாளில் புதிய குறிகள் போட்டு, எல்லாப் படங்களையும் மறுபடி வரைய வேண்டும்.