யப்பானிய மொழி படிக்கும் யாழ்ப்பாண மாணவருக்கு

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் படிப்போடு யப்பானிய மொழியையும் தொடங்கும் மாணவர்கள் பலர், இலக்கணத்தை ஆங்கிலப் பாடநூலில் படித்துவிட்டு, உச்சரிப்பை மட்டும் தமிழ் எழுத்தில் கொப்பியில் குறித்துக்கொள்கிறார்கள். இவ்விரண்டையும் மாற்றிச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். இலக்கணத்தைத் தமிழ்வழியே விளங்கிக்கொள்ளுங்கள். ஒலியைத் தமிழில் எழுதாதீர்கள்.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். யப்பானிய மொழியில் 'மீண்டும்' என்பதற்கு ஒரு சொல்லும், 'இன்னும்' என்பதற்கு இன்னொரு சொல்லும் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டுமே 'மத' என்றுதான் வரும். ஆனால் முன்னையதில் ஒலிப்பது 'தலை' என்பதன் தகரம். பின்னையதில் ஒலிப்பது 'பந்து' என்பதன் தகரம். யப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவில் எழுதும்போது, அதே எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் இடும் இரண்டு சிறு கோடுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடும். அடிப்படை ஹிரகானா எழுத்துகள் 46தான். ஆகவே முதல் இரண்டு கிழமைகளை அவற்றுக்கே ஒதுக்கி, கொப்பியில் உள்ள தமிழ்க் குறிப்புகளை அதன்பின் கைவிடுங்கள். குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நம் காதுக்குப் பழகியவை என்பதால், ஆங்கிலம் பேசுவோர் அங்கே படும் பாடு நமக்கில்லை.

இலக்கணத்தில் நமக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்கும், வினைச்சொல்லின் 'தே' வடிவம் பெரும்பாலும் நம் வினையெச்சமாகவே நடந்துகொள்கிறது. 'தபேதே' என்றால் 'சாப்பிட்டு', 'மிரு' என்றால் 'பார்த்தல்'. 'தபேதே மிரு' என்பது 'சாப்பிட்டுப் பார்த்தல்' என்றே பொருள்படும். 'வாங்கி வைத்தல்' என்பதும் அவர்களிடம் இதே அமைப்பில் உண்டு. வினை இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் நிற்பதும் நாம் பிறந்ததிலிருந்து பேசிவருபவை. ஆங்கிலத்தில் யோசித்து வாக்கியத்தைத் திருப்பிப் போடும் வேலை நமக்கு எதற்கு?

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. 'நூலகத்தில் இருக்கிறேன்', 'நூலகத்தில் படிக்கிறேன்' என்னும் இரண்டிலும் நாம் 'இல்' என்ற ஒரே உருபைப் பயன்படுத்துகிறோம். யப்பானிய மொழியிலோ இருக்கும் இடத்துக்கு 'நி'யும், செயல் நடக்கும் இடத்துக்கு 'பந்து'வின் தகரம் ஒலிக்கும் 'தே'யும் வரும். (இந்தத் 'தே'யைத் தமிழில் எழுதினால் மேலே சொன்ன வினையெச்சத் 'தே'யோடு கலந்துவிடும்.) இவ்வகை உருபுகளைத் தனியே மனனம் செய்யாமல், உங்கள் நாளைப் பற்றிய முழு வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள்.

'கஞ்சி' எனப்படும் சீனவழி எழுத்துகளுக்குக் குறுக்குவழி இல்லை. 2010இல் திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகள் உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்து தனியே நின்றால் 'யமா', ஃபூஜி மலையின் பெயரில் 'ஸன்'. ஆகையால் எழுத்தைத் தனியாக அல்லாமல் சொல்லோடு சேர்த்தே படியுங்கள்.

என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளில் நடக்கும் யப்பானிய மொழித் தகுதித் தேர்வில் (JLPT) பேச்சுப் பகுதி கிடையாது. அதனால்தான் சான்றிதழ் பெற்றவர்கூட வாய் திறக்கத் தயங்குகிறார். நாள்தோறும் ஐந்து வாக்கியங்களை உரக்கச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது அந்த இரண்டு 'மத'வும் வேறுவேறாக ஒலிக்கின்றனவா என்று முதலில் கவனியுங்கள்.