கண்ணில் பூச்சி அடித்தால் கை எங்கே இருக்க வேண்டும்?

ஓடும் வண்டியில் பூச்சி மேலே அடித்ததும் கை தானாக முகத்துக்குப் போகும். அந்தக் கைதான் முதல் ஆபத்து. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நொடி தடுமாறினால் 33 மீட்டர் போய்விடும். மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் தூரத்தை, அதுவும் ஒற்றைக் கையால், பார்க்காமலே கடந்திருப்பீர்கள். கொட்டிய வலி தாங்கக்கூடியது. எதிரே வரும் லாரியைப் பார்க்கத் தவறினால் திருத்த முடியாது. வண்டி நிற்கும்வரை இரண்டு கையும் ஹேண்டில்பாரில். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

எங்கே, எப்போது

கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையில் வயலும் தென்னந்தோப்பும் கூடவே வரும். மேற்கே திரும்பினால் பாகூர் ஏரியும் அதன் நெல்வயல்களும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மாலையில் ஈசல் புற்றைவிட்டுக் கிளம்பி, விளக்கு எங்கே எரிகிறதோ அங்கே குவியும். சம்பாப் பயிர் வளர்ந்து நிற்கும் மாதங்களில் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் இதே வேலையைச் செய்யும். அளவில் பொடி, ஆனால் கண்ணுக்குள் போவது பெரும்பாலும் இவைதான்.

தென்னந்தோப்பு ஓரத்தில் இரவில் பறக்கும் காண்டாமிருக வண்டு வேறு ரகம். கட்டைவிரல் பருமன், 4 செ.மீ. வரை நீளம், ஓடு கெட்டி. தோப்பில் எருக்குழி இருந்தால் அங்கேதான் அதன் புழு வளரும். இது 60 கி.மீ. வேகத்தில் தொண்டையிலோ கண்ணிலோ அடித்தால் கல் பட்டது போலிருக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் அடியின் ஆற்றல் கால்வாசியாகக் குறையும். ஆகவே மழை விட்ட மாலையில், தோப்பும் வயலும் உள்ள பகுதியில் 40 கி.மீ. போதும்.

2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை முன்விளக்கு எரியும், தனியாக அணைக்க முடியாது. டிம்மில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வண்டியின் விளக்கும் பூச்சியை இழுக்கும், அது கிளப்பும் காற்று அதை உங்கள் பக்கம் தள்ளும். மூன்று நொடி இடைவெளி விடுங்கள். தெருவிளக்குக்கு அடியிலும் பாலத்து விளக்குக்கு அடியிலும் ஈசல் சிறகும் உடலும் நசுங்கி வழுக்கும். ஈர இலைக் குவியலைக் கடப்பது போலவே கடக்க வேண்டும்: வண்டியைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல், நேராக.

முகத்தை மூடுவது

முழு முகம் மூடிய, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட். பாதி ஹெல்மெட்டில் வாயும் தொண்டையும் திறந்தே இருக்கும். வாய்க்குள் போன தேனீ தொண்டையில் கொட்டினால் வீக்கம் மூச்சுக்குழாயையே அடைக்கலாம். மழையில் மூச்சுக்காற்று படிந்து கண்ணாடி மங்கினால் ஒரே ஒரு 'கிளிக்' அளவு திறங்கள். பாதி திறந்த கண்ணாடி பூச்சியை உள்ளே வழிநடத்தும். கறுப்புக் கண்ணாடி இரவுக்கு ஆகாது. சாயம் இல்லாத கண்ணாடி ஒன்று மாட்டி வையுங்கள். சட்டையின் மேல் பொத்தானும் கைப் பொத்தானும் போட்டிருக்க வேண்டும். குளவி நுழையும் வழிகள் இந்த இரண்டும்தான். துப்பட்டாவை, முந்தானையை உடலோடு செருகிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தையை உட்கார வைப்பவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம்: செய்யாதீர்கள். உங்கள் முகத்தில் அடிக்க வேண்டிய எல்லாமே முதலில் அந்தக் குழந்தையின் முகத்தில் அடிக்கும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கி.மீ. தாண்டக் கூடாது என்று 2022இல் விதியே வந்திருக்கிறது.

ஓடும் வண்டியில் செய்ய வேண்டியது

கண்ணில் பூச்சி அடித்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து மூடத்தான் பார்க்கும். அடிபடாத கண்ணை வலிந்து திறந்து வையுங்கள். பிறகு இந்த வரிசை:

1. ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுங்கள். சட்டென்று பிரேக் வேண்டாம். பின்னால் வருபவருக்கு உங்கள் கண் தெரியாது.
2. இடது இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து, தார் ஓரத்தை விட்டு இறங்குங்கள்.
3. மழைக்காலத்து மண்ணில் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயும். கெட்டியான தரை பாருங்கள், இல்லையேல் ஸ்டாண்டுக்குக் கீழே தட்டையான கல் வையுங்கள்.
4. இன்ஜினை அணைத்து, விளக்கும் அணைந்த பிறகே ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். எரியும் விளக்கு முன் நின்றால் இன்னும் பத்து பூச்சி வரும்.
5. கண்ணைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பூச்சியின் காலும் ஓடும் விழிப்படலத்தைக் கீறும். குடிநீர் பாட்டிலைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கம் வழியும்படி ஊற்றி, ஊடே கண்ணை இமையுங்கள். இதற்காகவே அரை லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

கழுவிய பிறகும் உறுத்தல், மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. இந்தச் சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

ஹெல்மெட்டுக்குள் குளவி புகுந்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடியை முழுக்கத் திறங்கள். அது வெளியேற வழி கிடைக்கும். வெளியிலிருந்து ஹெல்மெட்டைத் தட்டினால் கன்னத்துக்கும் பஞ்சுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு கொட்டும். சட்டைக்குள் போனாலும் இதே நியாயம்: அழுத்தாதீர்கள், நின்ற பிறகு துணியை உடம்பிலிருந்து விலக்கி உதறுங்கள்.

காதுக்குள் உயிரோடு பூச்சி போய்விட்டால் பட்ஸ், ஊக்கு, சாவி எதுவும் விடாதீர்கள். பூச்சி இன்னும் உள்ளே போகும். காதில் சீழ் வடிதலோ செவிப்பறையில் ஓட்டையோ இல்லாதவர்கள் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் தலையைச் சாய்த்து வைத்தால் அது செத்து அடங்கும். எடுப்பது மருத்துவர் வேலை.

தேனீயும் கதண்டும்

மலைத்தேனீ உயர்ந்த மரக்கிளையிலும் பாலத்தின் அடியிலும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். கதண்டு என்ற பெரிய குளவி பனைமரத்தில், புதரில், பாழடைந்த சுவரில் கூடு கட்டும்; ஏரிக்கரைப் பனைவரிசையை ஒட்டிய பாதைகளில் கவனம் வேண்டும். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. ஒருமுறை கொட்டினால் கொடுக்கும் நஞ்சுப்பையும் தோலிலேயே தங்கிவிடும். கதண்டுக்கும் குளவிக்கும் அப்படி இல்லை, ஒன்றே பலமுறை கொட்டும்.

சாலையின் குறுக்கே தேனீக் கூட்டம் பறந்தால், கண்ணாடி மூடியபடியே, சீரான வேகத்தில் கடந்து போங்கள். இடம் மாறிப் போகும் கூட்டம் பொதுவாகத் தாக்காது. கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதும், ஹாரன் அடிப்பதும், கையை வீசுவதும்தான் அதைக் கிளப்பிவிடும். கொட்டிய தேனீ வெளிவிடும் எச்சரிக்கை வாசனையில் மற்றவை அதே இடத்தைத் தேடி வரும். அந்த வாசனை கிட்டத்தட்ட வாழைப்பழம் போலிருக்கும். எனவே ஒன்று கொட்டியவுடனே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். நிற்கும் வண்டியில் கூட்டம் மொய்த்தால் வண்டியை விட்டுவிடுங்கள். முகத்தைச் சட்டையால் மூடி, நேராக ஓடி, கதவுள்ள கட்டடத்திலோ காரிலோ புகுந்து சாத்துங்கள். குளத்தில் குதித்தால் நீங்கள் மூச்சுவிட எழும்வரை அவை மேலேயே சுற்றும்.

வழியோரத்துக் கூட்டைக் கல்லெறிந்தோ தீ வைத்தோ கலைக்காதீர்கள். அந்த வழியே அடுத்து வருபவர் கொட்டு வாங்குவார். தீயணைப்பு நிலையத்துக்கு, 101, சொல்லுங்கள்.

கொட்டிய பிறகு

தேனீக் கொடுக்கை நகத்தாலோ ஏ.டி.எம். கார்டு விளிம்பாலோ எதனாலாவது உடனே எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். நஞ்சுப்பை தோலில் இருக்கும்வரை நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு தடவுவது ஊர் வழக்கம், ஆனால் அது காரம். தோலை வேக வைக்கும், கண்ணோரத்தில் கொட்டியிருந்தால் பார்வைக்கே கேடு.

ஒவ்வாமைக்கான அவில் மாத்திரை போட்டுக்கொண்டு மீண்டும் வண்டி எடுக்காதீர்கள். அது தூக்கம் வரவழைக்கும். செட்ரிசினும் சிலருக்கு அப்படித்தான். மாத்திரை போட்டால் பின்னால் உட்கார்ந்து போங்கள்.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்மல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், வாந்தி: கொட்டிய சில நிமிடங்களில் இவற்றில் ஏதேனும் வந்தால் அது ஒவ்வாமை அதிர்ச்சியாக இருக்கலாம். 108க்கு அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் இதற்கு முதல் மருந்து. ஜிப்மரோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ தூரமாக இருந்தால், வழியில் ஊசி போடக்கூடிய முதல் மருத்துவமனையிலேயே நிறுத்துங்கள். பத்திருபது இடத்தில் கொட்டியிருந்தால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் போகத்தான் வேண்டும். நஞ்சு மிகுந்தால் தசையும் சிறுநீரகமும் பிறகு பாதிக்கப்படும்.

ஆசிட் பூச்சி என்று சிலர் சொல்லும் மெலிந்த சிறு வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. ஒரு செ.மீ.க்கும் குறைவு, ஆரஞ்சு உடம்பில் தலையும் வால் நுனியும் கறுப்பு. நெல்வயலில் வாழ்ந்து இரவில் வெளிச்சத்துக்கு வரும். கழுத்தில் ஊர்வதை அறைந்து நசுக்கினால் அதன் உடல்நீர் தோலைப் பொசுக்கும். எரிச்சல் அப்போது தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கோடு போட்டது போல் சிவந்து கொப்பளிக்கும். ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

கண்ணாடியும் நிறுத்தி வைத்த வண்டியும்

காய்ந்த ஈசலை உலர் துணியால் துடைத்தால் கண்ணாடியில் கோடு விழும். அந்தக் கோடுகள் எதிர் வண்டி வெளிச்சத்தில் நட்சத்திரமாகச் சிதறும். தண்ணீரில் நனைத்த பழைய பனியன் துணியைக் கண்ணாடிமேல் பத்து நிமிடம் போட்டு வைத்து, குழந்தைகள் ஷாம்பு இரண்டு சொட்டு விட்டுத் தடவி, அலசுங்கள். பெட்ரோலும் தின்னரும் வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவமும் பாலிகார்பனேட்டில் நுண்விரிசல் விடும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி, மாமரத்து அடியில் நிறுத்தினால் முசுறு எறும்பு ஏறிவிடும். சீட்டையும் ஹேண்டில் பிடியையும் பார்த்துவிட்டு உட்காருங்கள். கண்ணாடிக் கம்பியில் மாட்டிய ஹெல்மெட்டையும், உள்ளே போட்ட கையுறையையும் கவிழ்த்துத் தட்டாமல் அணியாதீர்கள்; தேள்கூட இருக்கலாம்.

பல வாரம் ஓடாத வண்டியில் வேட்டுவக் குளவி சிறு துளைகளை மண்ணால் அடைத்திருக்கும்: பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத்துளை, வடிகுழாய், சைலன்சர் முனை. காற்றுத்துளை அடைபட்டால் வண்டி கிளம்பும், சில கி.மீ. ஓடும், பிறகு பெட்ரோல் தீர்ந்தது போல் திணறி நிற்கும். டாங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆனால், அடைப்பு அங்கேதான். மூடியைக் கழற்றி, டாங்குக்குள் மண் விழாதபடி தனியாக வைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, பஞ்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியில் பூச்சி அப்பிய தகடுகளை உள்பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் வரும்படி மெதுவாகக் கழுவ வேண்டும். சர்வீஸ் கடை அழுத்தக் குழாயை அருகில் பிடித்தால் தகடு மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.